மாவு பிசையப் போனவள்

இறங்கிப் பாத்துட்டு வந்துட்டேன் சார். மரம்தான். ரோட்டுக்குக் குறுக்கால படுத்துக் கிடக்கு. ரம்பம் வந்துருச்சு, அறுத்துக்கிட்டிருக்காங்க. ஒரு மணி நேரம் ஆகும்ங்கறாங்க. ஒரு மணி நேரம்னா நீங்க ரெண்டுன்னு வச்சுக்கங்க. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கங்க, சாரல் அடிக்குது. பின்னாடி அம்மா தூங்கிட்டாங்களா? தூங்கட்டும் தூங்கட்டும்.

இதுவா? முழங்கையில வெள்ளையா இருக்கறதா? சுண்ணாம்பு இல்ல சார், மைதா மாவு. காலையில பிசைஞ்சுட்டுத்தான் வண்டியை எடுத்தேன். எம்புட்டுக் கழுவினாலும் இந்த மடிப்புல மட்டும் போகாது.

ஜீப் ஓட்டுறவனுக்கு மாவு என்னத்துக்குன்னுதான பாக்குறீங்க? பரோட்டா இல்ல. பாஸ்தா. ஆமா, அதேதான். பாக்கெட்டுல காய்ஞ்சு வருதே, அது இல்ல. முட்டை ஊத்திப் பிசைஞ்சு, தேய்ச்சு, வெட்டி, அன்னன்னைக்குச் செய்யறது. சிரிக்காதீங்க சார். ஆசைப்பட்டா இதைக் கத்துக்கிட்டேன்? எனக்கு வந்த கஷ்டம் அப்படி.

என் பேரு இன்னாசி. வீட்டுக்காரி பேரு செலினா. நல்ல பொம்பளை. அதை மொதல்லயே சொல்லிர்றேன். நான் சொல்றதைக் கேட்டுட்டு நீங்க அவளைத் தப்பா நினைச்சிரக் கூடாது. நான் நினைக்கலாம், நான் புருஷன். நீங்க நினைக்கக் கூடாது.

கல்யாணம் ஆன நாள்ல இருந்தே அவ அதிகம் பேச மாட்டா. பிள்ளை குட்டி இல்ல. ஒரு பள்ளிக்கூட விடுதிச் சமையக்கட்டுல வேலை பாத்தா. மூட்டை மூட்டையா வெங்காயம் உரிக்கறது, பூண்டு உரிக்கறது, அண்டா கழுவுறது. சாயங்காலம் வருவா, சோறாக்குவா, போடுவா. நான் சாப்பிடுவேன். எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. பேச்சே இல்லாத வீட்டுல சண்டை எங்கிட்டு இருந்து வரும்? நிம்மதியா இருந்தோம் சார்.

அந்த நேரத்துலதான் மச்சாது வந்து சேந்தான்.

ஹென்றி மச்சாது. தூத்துக்குடிக்காரன். இத்தாலிக்காரங்க கப்பல்ல காலம் பூராம் சமையக்காரனா இருந்துட்டு, பொண்டாட்டி செத்ததும் ஊருல இருக்கப் பிடிக்காம மலைக்கு வந்தவன். கேட்டா மூட்டு வலி, கடல் காத்து ஆகலைம்பான். மூட்டு வலிக்காரன் குளிருக்கு வருவானா சார்? நீங்களே சொல்லுங்க. எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுச்சு.

மாதா கோயிலுக்குப் பக்கத்துல மூடிக் கிடந்த கம்பளிக் கடை ஒண்ணைப் பிடிச்சு, நாலு மேசையைப் போட்டு, பாஸ்தா கடைன்னு ஆரம்பிச்சான். கூடமாட வேலைக்கு ஒரு ஆள் வேணும்னு சாமியார்கிட்டக் கேட்டிருக்கான். சாமியார் இவளைக் கைகாட்டி விட்டுட்டாரு. விடுதி வேலையும் அப்பத்தான் ஆட்டம் கண்டிருந்துச்சா, இவ போயிட்டா. நானும் சரின்னுட்டேன். வெங்காயம் எங்க உரிச்சாலும் வெங்காயம்தான்னு நினைச்சேன்.

மொத நாள் வந்தா பாருங்க. முழங்கை வரைக்கும் மாவு. தலையில மாவு. மூக்கு நுனியில மாவு. சோத்தைப் போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்துட்டா. அவ அப்படி உக்காந்ததே இல்ல.

"ஏங்க, மாவுல தண்ணியே ஊத்தறதில்லைங்க. பலகையில மாவைக் குவிச்சு, நடுவுல கிணறாட்டம் பள்ளம் பறிச்சு, அதுல முட்டையை ஒடைச்சு ஊத்தணும். முள்கரண்டியால கலக்கிக்கிட்டே கரையைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளணும். அவசரப்பட்டா கரை ஒடைஞ்சு முட்டை ஓடிருது. எனக்கு ஓடிருச்சு. அண்ணன் சிரிச்சாரு."

நான் சோத்துல கை வச்சவன் வச்சபடி இருக்கேன். அவ அம்புட்டு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல சார்.

"அப்புறம் உள்ளங்கையால அழுத்தி அழுத்திப் பிசையணும். மொதல்ல சொரசொரன்னு மொரண்டு பிடிக்கும். திடீர்னு ஒரு நேரம், காது மடல் மாதிரி ஆயிரும். அப்ப விட்டுரணும். ஈரத்துணி போட்டு மூடி வச்சிரணும். மாவு இளைப்பாறணும்னு அண்ணன் சொன்னாரு."

மாவு இளைப்பாறணுமாம்! நான் காலையில இருந்து வளைவு வளைவா ஏறி எறங்கிட்டு வந்து உக்காந்திருக்கேன். இன்னாசி இளைப்பாறணும்னு அந்த வீட்டுல எவளாவது ஒரு நாள் சொன்னாளா?

அண்ணன்னுதான கூப்பிடுறான்னு நீங்க நினைக்கலாம். அண்ணன்னு கூப்பிட்டா ஆச்சா சார்? எங்க ஜீப் ஸ்டாண்டுல எல்லாப் பயலும் எல்லாப் பொம்பளையையும் அக்காம்பான். எல்லாம் அக்காவா?

அன்னையில இருந்து தினமும் ஒரு கதை. மாவைத் தேய்க்கத் தேய்க்க, கீழ இருக்கற பலகையோட வரி தெரியற அளவுக்கு மெல்லிசாகணுமாம். ரவை தூவி, மடிச்சு, நாடா நாடாவா வெட்டணுமாம். வெட்டினதைக் குச்சியில துணி காயப்போட்ட மாதிரி தொங்க விடணுமாம். வேக வைக்கிற தண்ணி கடல் தண்ணி மாதிரி உப்பா இருக்கணுமாம். "கடல் தண்ணி நீ எங்க குடிச்ச?"ன்னு கேட்டேன். "அண்ணன் சொல்றாருங்க"ன்னா. எது கேட்டாலும் அண்ணன்.

அப்புறம் ஒரு செடி வந்துச்சு. நம்ம திருநீத்துப்பச்சிலை இருக்குல்ல, அதோட சொந்தக்காரச் செடி. தக்காளிச் சாறுல அதைக் கிள்ளிப் போட்டாத்தான் வாசனையாம். அதைப் பெயிண்டு டப்பாவுல வச்சு வாசல்ல வளத்தா. சார், அதே வாசல்ல நான் வாங்கி வச்ச ரோஜாத் தொட்டி ஒண்ணு இருந்துச்சு. அது பட்டுப் போச்சு. அந்தாளு கொடுத்த செடி மட்டும் தளதளன்னு நிக்குது. எதுக்குத் தண்ணி ஊத்தினா, எதுக்கு ஊத்தலைன்னு எனக்குத் தெரியாதா? நான் ஊத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. நான் வண்டிக்குப் போறவன் சார்.

வீட்டுலயும் செஞ்சா. தக்காளியை வெந்நியில போட்டுத் தோல் உரிச்சு, கையாலயே பிசைஞ்சு விட்டு, மலைப்பூண்டை நசுக்கி எண்ணெயில வாசம் வர விட்டு, மிளகாத்தூள் கிடையாது, மல்லித்தூள் கிடையாது, உப்பும் அந்த எலையும் மட்டும். அதுல நாடாவைப் போட்டுப் பெரட்டி, தட்டுல வச்சுக் கொடுத்துட்டு முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

"எப்படிங்க இருக்கு?"

"இருக்கு"ன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அந்தாளு கைப்பக்குவத்தை நான் எப்படி சார் நல்லா இருக்குன்னு சொல்றது? தட்டைக் காலி பண்ணிட்டேன்தான். பசி.

அப்புறம் ஒரு நாள், கோயில் பக்கம் ஒரு சவாரியை எறக்கிட்டு, சும்மா அந்தக் கடைப் பின்பக்கமா வந்தேன். வேவு பாக்க இல்ல. வண்டியைத் திருப்ப அங்கதான் இடம் இருக்கு. சன்னல் தொறந்திருந்துச்சு. அவ கரண்டியில சாறு எடுத்து நீட்டுறா. அந்தாளு வாயில வச்சான். கண்ணை மூடினான். மூடிட்டு, அஞ்சு விரலையும் இப்படிக் குவிச்சு, உதட்டுல வச்சு, முத்தம் கொடுத்துக் காத்துல விட்டான் சார்! அவ சிரிக்கிறா. பல்லு தெரிய சிரிக்கிறா. அவளுக்குக் கடைவாய்ப் பக்கம் ஒரு பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்குங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இத்தாலிக்காரன் எல்லாம் அப்படித்தான் பண்ணுவான், ருசின்னு அர்த்தம்னு பின்னாடி ஒருத்தன் சொன்னான். இருக்கட்டும். இவன் இத்தாலிக்காரனா? தூத்துக்குடிக்காரன்தான? தூத்துக்குடியில எவன் மீன் கொழம்பு தின்னுட்டுக் காத்துக்கு முத்தம் கொடுக்கறான்?

பொறுக்க முடியல. மறுநாள் நேரா கடைக்குள்ள போய் உக்காந்துட்டேன். வாடிக்கையா வந்தவன் மாதிரி. மச்சாது ஓடி வந்தான்.

"வாங்க அண்ணாச்சி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? தங்கச்சி, யாரு வந்திருக்காவன்னு பாரு!"

அவ எட்டிப் பாத்தா. முகம் அப்படியே மலந்துச்சு. அது எனக்காகவா, அங்க இருக்கற சந்தோஷத்துலயான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. தட்டு வந்துச்சு. கூடவே வெண்ணெயும் பூண்டும் தடவிச் சுட்ட ரொட்டி, எலுமிச்சம்பழம் புழிஞ்ச பச்சை எலை. தின்னேன். இன்னொரு தட்டுக் கேட்டேன். அதையும் தின்னேன்.

தின்னு முடிச்சுட்டு, "வேகல"ன்னேன்.

மச்சாது சிரிச்சான். "அப்படித்தான் அண்ணாச்சி. பல்லுல லேசா நிக்கணும். கொழைஞ்சா அது கஞ்சி, பாத்துக்கிடுங்க."

"எங்க ஊருல வேகலைன்னா வேகலைதான்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அன்னைக்கு அவ வீட்டுல கதை சொல்லல. சோத்தைப் போட்டுட்டு உள்ள போயிட்டா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. இருந்தாலும் சோறு எறங்கல. குளிர் காலத்துல அப்படித்தான் ஆகும்.

இதுல என்ன பெரிய வித்தை இருக்கு, சப்பாத்திக்குத் தம்பிதானன்னு ஒரு நாள் அவ போனப்புறம் நானே மாவை வாங்கி, முட்டையை வாங்கிட்டு வந்து வீட்டுல உக்காந்தேன். கிணறு பறிச்சேன். கரை ஒடைஞ்சுது. முட்டை அடுப்படி பூராம் ஓடுச்சு. விட்டதைப் பிடிச்சுப் பிசைஞ்சு தேய்ச்சு வெட்டி, கொதிக்கிற தண்ணியில போட்டா, எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு சுவரொட்டிப் பசை மாதிரி ஆயிருச்சு. பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டேன். கோழி கிட்ட வந்து பாத்துட்டுப் போயிருச்சு. கழுவி மறைச்சுட்டேன்னுதான் நினைச்சேன். சாயங்காலம் அவ வந்து, சட்டி அடியில காய்ஞ்சு ஒட்டியிருந்ததை நகத்தால சுரண்டிப் பாத்தா.

"தண்ணி நல்லாக் கொதிக்கறதுக்கு முன்னாடி போட்டுட்டீங்க"ன்னா. "நாளைக்கு நான் சொல்லித் தரவா?"

சொல்லித் தரவாம்! புருஷனுக்கு! "கோழிக்குத்தான் செஞ்சேன்"னுட்டேன்.

சார், தண்ணி இருக்கா? கொடுங்க. ம், போதும்.

அதுக்கப்புறம் நான் என்ன பண்ணினேன்னா, ஒண்ணும் பண்ணல. வண்டியில ஏறுற ஆளுங்க கேப்பாங்கல்ல, மச்சாது கடை எப்படின்னு. பொய் சொல்றது என் பழக்கமில்ல. "எனக்குத் தெரியாது சார், போன வாரம் ஒருத்தருக்கு வயித்தால போச்சுன்னு கேள்வி"ன்னு சொல்லுவேன். கேள்விதான? கேள்விப்பட்டேன்னா பொய்யா? அந்த ஒருத்தர் யாருன்னு எவனும் கேட்டதில்ல. ஸ்டாண்டுல மத்தப் பசங்க அதைப் பிடிச்சுக்கிட்டு, பத்துப் பேருக்குப் போச்சுன்னு ஆக்கிட்டானுங்க. அதுக்கு நான் பொறுப்பா?

மழைக் காலமும் வந்துச்சு. கடையில ஈ ஓட்டினாங்க. அவ வெளுத்துப் போய் வருவா. "நல்லாத்தாங்க செய்யறோம். ஏன்னே தெரியல, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிர்றாங்க"ன்னா. கண்ணுல தண்ணி. நான்தான் தேத்தினேன். கடைன்னா அப்படித்தான், ஏறும் எறங்கும்னு. புருஷன்னா அந்த நேரத்துக்குத் துணையா நிக்கணும்ல.

அந்த மழையில மச்சாது படியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடைஞ்சுபோச்சு. மாவுக்கட்டு. சிரிக்கக் கூடாதுதான், நான் சிரிக்கல. அந்த வாரம் பாத்து சாமியார் ஒரு விருந்து சொல்லிட்டாரு. அவரோட பழைய மாணவனுக்குக் கல்யாணம், பொண்ணு வெளிநாட்டுக்காரி, முப்பது பேரு வர்றாங்க. இவ வந்து நின்னா.

"ஏங்க. நாளைக்கு ஒரு நாள் வண்டியை நிறுத்திட்டு வர்றீங்களா? என் கை மட்டும் காணாது."

அவ என்கிட்ட எதையும் கேட்டவ இல்ல சார். ஒரு சேலை கேட்டதில்ல. போனேன்.

போயி, பலகைக்கு முன்னாடி நின்னேன். மச்சாது ஒத்தைக் கையைக் கழுத்துல கட்டிக்கிட்டு நாக்காலியில உக்காந்து சொல்றான். இவ பக்கத்துல நின்னு காட்டுறா. கரையை இப்படித் தள்ளுங்க. அவசரப்படாதீங்க. உள்ளங்கையால அழுத்துங்க. நான் அழுத்தினேன். பல வருஷமா ஸ்டியரிங் பிடிச்ச கை சார் இது. மாவு மொரண்டு பிடிச்சுது. நானும் விடல. திடீர்னு, அவ சொன்ன மாதிரியே, கைக்குள்ள காது மடலாட்டம் ஆயிருச்சு.

மச்சாது எந்திரிச்சு வந்து மாவை ஒரு விரலால அழுத்திப் பாத்தாரு. பள்ளம் மெதுவா மேல வந்துச்சு.

"அண்ணாச்சி! இது கையா, என்ன கைய்யா இது! கப்பல்ல கூட இப்படி ஒருத்தன் வாய்க்கலயே!"

அஞ்சு விரலையும் குவிச்சாரு. எனக்கு சார்! என் மாவுக்கு!

நல்ல மனுஷன் சார். அதையும் சொல்லணும்ல.

விருந்து அமக்களமா நடந்துச்சு. நாடா ஒரு பக்கம் போகுது, ரொட்டி ஒரு பக்கம் போகுது, அவ சாறைக் கிண்டிக்கிட்டே பறக்குறா. வேலை முடிஞ்சு மூணு பேரும் உக்காந்து மிச்சம் இருந்ததை ஒரே சட்டியில தின்னோம். அவ சிரிச்சுக்கிட்டே என் தோள்ல ஒட்டியிருந்த மாவைத் தட்டி விட்டா. அந்த ஒரு நாள் நல்லா இருந்துச்சு. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும். மச்சாதுக்குக் கை சரியாகுற வரைக்கும்னுதான் போனேன். சரியானப்புறமும் போனேன். ஏன்னா, எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. அவ ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம், நடுவுல பலகை. பலகைக்கு முன்னாடி நான். மதில் சுவரு மாதிரி. அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் பேசணும்னா என்னைத் தாண்டித்தான் பேசணும். எப்படி?

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தங்கச்சிக்கும் கை வீச இடம் வேணும்லா?"ம்பாரு மச்சாது. நான் தள்ளினதில்ல.

மாவு முழுசா என் கைக்கு வந்துருச்சு. அவளுக்கு எதுக்கு சிரமம்? அப்புறம் தேய்க்கறதும் வெட்டறதும் நான்தான். சாறு மட்டும் அவ பண்ணிக்கிட்டிருந்தா. ஒரு நாள் அவ வர்றதுக்கு முன்னாடி அதையும் நானே வச்சுட்டேன். வந்தவ எட்டிப் பாத்தா. "நான் என்ன செய்யட்டும்?"னா.

"நீ வெங்காயத்தைப் பாரு"ன்னேன்.

நல்லதுக்குத்தான் சார் சொன்னேன். அடுப்புச் சூட்டுல நிக்க வேண்டாமேன்னு.

வர்றவங்க நல்லா இருக்குன்னு சொன்னா, நானே வெளிய போயி, "என் கை மாவு சார்"னு சொல்லிக்குவேன். ஸ்டாண்டுல பயலுகளை அடக்கிட்டேன், வயித்தால போச்சு கியித்தால போச்சுன்னு எவனாவது சொன்னா பல்லைப் பேத்துருவேன்னு. நல்ல கடையைப் பத்தி வாய்க்கு வந்ததைப் பேசலாமா? கடை பிச்சுக்கிட்டுப் போச்சு.

ஆனா, அவ கதை சொல்றது நின்னுபோச்சு. வீட்டுக்கு வந்தா நான்தான் பேசுவேன். "இன்னைக்கு மாவு பாத்தியா, என்னா பதம்!"பேன். தலையை ஆட்டுவா. கொஞ்ச நாள்ல கடைக்கு வர்றதையும் விட்டுட்டா. கேட்டா மூட்டு வலிங்கறா. பாருங்க, அந்தாளு வியாதி ஒட்டிக்கிச்சு. ஒரு நாள் நானே செஞ்சு, நானே தூக்குல எடுத்துட்டு வந்து அவளுக்கு வச்சேன். முழுசும் சாப்பிட்டா. சாப்பிட்டுட்டு, "உப்பு கம்மி"ன்னு சொல்லிட்டு ஏனத்தைக் கழுவப் போயிட்டா.

வாசல்ல அந்தச் செடியும் வாடிக் கெடந்துச்சு. நான் பாத்துட்டு சந்தோஷப்பட்டேன்னு வைங்களேன். ஆனா ரெண்டு நாள் கழிச்சு நான்தான் தண்ணி ஊத்தினேன். ஏன்னு கேக்காதீங்க.

அப்புறம் இந்தச் சீசனுக்கு முன்னாடி, ஒரு நாள் காலையில நான் பல்லு வெளக்கிக்கிட்டிருக்கேன், வீட்டு வாசல்ல ஒரு வேன் வந்து நிக்குது. சுத்திப் பாக்க வர்றவங்க தங்குற பெரிய விடுதியோட வேன். இவ கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கிட்டு, தலையை இழுத்து முடிஞ்சுக்கிட்டு வெளிய வர்றா.

"எங்க போற?"

"வேலைக்கு."

"என்ன வேலை?"

"பாஸ்தா செய்யற வேலை."

"யாரு சேத்து விட்டது?"

செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னா. "அண்ணன்."

வேன் போயிருச்சு. வாயில பேஸ்டு நுரையோட நான் ரோட்டுல நிக்கிறேன் சார்.

நேரா மச்சாதுகிட்டப் போனேன். மாவைக் குவிச்சு வச்சுக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு. கேட்டேன்.

"ஆமா அண்ணாச்சி, நான்தான் சொன்னேன். அங்க ஆள் தேடுதாவன்னு தெரிஞ்சுது. வேற யாரைச் சொல்ல?"

"என்னைச் சொல்லியிருக்கலாமே? மாவு பூராம் நான்தான பிசையறேன்?"

கையில இருந்த மாவைத் தட்டி விட்டுட்டுச் சொன்னாரு. "உங்க கை நல்ல கை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வாயில ஒரு சொட்டு விட்டுட்டு, இன்னும் என்ன வேணும்னு சொல்லுத நாக்கு அதுக்குத்தான் இருக்கு. அதைப் போயி இந்த மூலையில வெங்காயம் உரிக்க விட்டுட்டோமே, நீங்களும் நானும்."

'அதுக்கு'ங்கறான் பாருங்க சார். என் பொண்டாட்டியை அது, இதுங்கறான். அவங்க பக்கம் தங்கச்சியை அப்படித்தான் சொல்லுவாங்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அன்னைக்குப் பிசைஞ்ச மாவு கல்லாட்டம் ஆயிருச்சு.

இன்னும் ஏன் அங்க போறன்னுதான கேக்குறீங்க? நான் பலகையை விட்டுட்டு வந்துட்டேன்னா, அவ திரும்ப அங்க வந்துட்டான்னா? அதான், காலையில போயி நின்னு பிசைஞ்சு கொடுத்துட்டுத்தான் வண்டியை எடுக்கறேன். ஒரு காவலுக்கு.

ஆனா ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் தொறக்குது சார். அந்த விடுதியில ஒரு மேனேஜர் இருக்கான். சின்ன வயசு. தலைக்கு எண்ணெய் மாதிரி என்னமோ தடவியிருப்பான். அவளை 'செஃப்'னு கூப்பிடுறான். "செஃப், மூணாம் நம்பர் மேசையில உங்களைப் பாக்கணும்ங்கறாங்க"ன்னு. அவளும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு வெளிய வந்து, மேசை மேசையா நின்னு விசாரிக்கறா. இங்கிலீஷ்ல சார்! ரெண்டு வார்த்தைதான், ஆனா இங்கிலீஷ். அவளுக்குக் கீழ ரெண்டு பொண்ணுங்க மாவு பிசையுது. சவாரியை எறக்கி விட்டுட்டு டிரைவருங்க நிக்கிற எடத்துல இருந்து பாத்தா கண்ணாடி வழியா எல்லாம் தெரியும். கையை ஆட்டி ஆட்டிப் பேசறா. என்ன பேசறான்னுதான் கேக்காது.

வீட்டுக்கு வந்தாப் பாட்டெல்லாம் பாடுறா. மூட்டு வலி போன எடம் தெரியல. ஆனா என்கிட்டக் கதை சொல்றதில்ல. கேட்டா, "உங்களுக்குத் தெரியாததாங்க?"ங்கறா. அது பாராட்டா, குத்தலான்னு வெளங்கல.

போன ஞாயித்துக்கெழமை அங்க ஒரு சவாரியைக் கொண்டுபோயி விட்டேன். டிரைவருங்களுக்குப் பின்பக்கம் சோறு, சாம்பார், கூட்டு, அம்புட்டுத்தான். நான் வண்டியிலயே உக்காந்திருக்கேன். ஒரு சப்ளையர் வந்து கதவைத் தட்டி ஒரு தட்டை நீட்டினான். செஃப் கொடுக்கச் சொன்னாங்கன்னான். சோமாசு தெரியும்ல? அந்த மாதிரி, ஆனா சின்னதா, மெல்லிசா, ஓரம் முள்கரண்டியால அழுத்தியிருக்கு. உள்ள கீரையும் புதுப் பாலாடைக்கட்டியும். மேல உருக்கின வெண்ணெய், பூண்டு, ஒரு எலை. வேற ஒண்ணுமே இல்ல. தக்காளி கூட இல்ல.

வாயில வச்சேன். மாவு இருக்கறதே தெரியல சார். நான் இம்புட்டு நாள் பிசையறேன், அப்படி ஒரு மாவு என் கையில வந்ததில்ல. ஒண்ணு ஒண்ணா, மெதுவாத் தின்னேன். தீந்துரக் கூடாதுன்னு கடைசி ஒண்ணை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். வண்டியை எடுக்கணும்னே தோணல. ரோட்டைப் பாத்தா ரோடு கலங்கலாத் தெரியுது. மூடுபனி.

அந்தச் சப்ளையர் பய தட்டை வாங்க வந்தான். "எப்படி இருந்துச்சுன்னு செஃப் கேக்கச் சொன்னாங்க"ன்னான்.

தட்டைக் கொடுத்தேன். சுத்தமா வழிச்ச தட்டு சார். பாத்தாத் தெரியாதா?

அவன் போயிட்டான். கண்ணாடி வழியாப் பாத்தேன். அவ தட்டை வாங்கிப் பாத்தா. அவன் என்னமோ சொன்னான். இவ தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டா. வீட்டுலயும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப ஆறு நாளா அது இங்க, நெஞ்சுக்குழியில அப்படியே நிக்குது. சொல்லணும்னா எப்ப வேணும்னாலும் சொல்லிரலாம். இத்தனை வருஷம் சொல்லாம இப்பச் சொன்னா, வேற என்னமோ வேணும்னு சொல்றேன்னு நினைச்சிருவா.

ஆ, அந்தா, கொடியைக் காட்டுறான். முன்னாடி வண்டி நகருது. சாவியை எங்க வச்சேன்... ம்.

நீங்க தங்கப் போறது அந்த விடுதியிலதான் சார். அதான் இம்புட்டும் சொன்னேன்னு நினைக்காதீங்க, மரம் விழுந்துச்சு, பேசினேன். இன்னைக்கு அங்க சாப்பிடுவீங்கல்ல? கீரை வச்சு மடிச்சது இருக்கான்னு கேளுங்க. சாப்பிட்டு முடிச்சதும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு பொம்பளை மேசைக்கு வந்து நிப்பா. ரொம்ப நல்லா இருக்கு, இப்படி ஒண்ணை நான் எங்கயும் சாப்பிட்டதில்லைன்னு அவகிட்டச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க. அவ சிரிப்பா.

ஒரு தடவை சொன்னாப் போதும் சார். ரெண்டாந்தடவை சொல்லிராதீங்க.